கோடை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எவ்வளவு, விளையாட்டு எவ்வளவு?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிறிய ஊர் ஒன்றில் மழலையர் பள்ளி நடத்துகிறீர்கள். வேலைக்குப் போகும் பெற்றோருக்காக ஏப்ரல் பாதியிலிருந்து மே கடைசி வரை கோடை வகுப்பு வைக்க நினைக்கிறீர்கள். 25 பிள்ளைகள், வயது மூன்றிலிருந்து ஐந்து. "படித்ததெல்லாம் மறந்துவிடும், ஜூனுக்குள் அ, ஆவும் ஏபிசிடியும் எழுதவைத்துவிடுங்கள்" என்று பெற்றோர் நெருக்குகிறார்கள். வெயிலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. பாடத்துக்கு எவ்வளவு நேரம், விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழு நேரத்தையும் விளையாட்டுக்கே கொடுங்கள். எழுதவைக்கும் பாடம் என்று தனியாக ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அங்கன்வாடி மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் "விளையாட்டு" என்று சொல்லிப் பிள்ளைகளை ஓர் அறையில் விட்டுவிட்டு டீச்சர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் சொல்லவில்லை. பாடம் நடத்துவதைவிட விளையாடவைப்பதற்கு முன்னேற்பாடு அதிகம் தேவைப்படும்.

முதலில் இந்த மறதிப் பயம். நாலு வயதுப் பிள்ளை இரண்டு மாதத்தில் மறந்துவிடக்கூடியது எதுவோ, அதை அது முதலிலேயே சரியாகக் கற்றிருக்கவில்லை. பார்த்து வரைந்திருக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன. மூன்று, நான்கு வயதில் அவற்றில் ஏறத்தாழ பாதிதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும், மீதி இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக 'அ' எழுதவைத்தால் பிள்ளைக்குக் கை வலிப்பதுதான் மிச்சம். அதே கை களிமண் பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும். யுகேஜிக்குப் போகும்போது பென்சிலைத் தானாகச் சரியாகப் பிடிக்கும்.

கோடைக்குள் பிள்ளைகளைத் தயார் செய்துவிடலாம் என்று ஒரு நாடே பெரிய அளவில் முயன்று பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1965 கோடையில் 'ஹெட் ஸ்டார்ட்' திட்டம் தொடங்கியது. பள்ளியில் சேரப்போகிற பிள்ளைகளுக்கு எட்டு வாரப் பயிற்சி, அந்த ஒரு கோடையிலேயே ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 1969-இல் வெளியான வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வு, கோடைக்கு மட்டும் வந்துபோன பிள்ளைகளிடம் நீடித்த பலன் தெரியவில்லை என்றது. அந்த ஆய்வு நடந்த முறையைப் பற்றி அப்போதே சண்டை மூண்டது, அது வேறு கதை. ஆனால் எட்டு வாரத்தில் ஒரு பிள்ளையின் படிப்பைத் தூக்கி நிறுத்திவிட முடியாது என்பதைத் திட்டத்தை நடத்தியவர்களே ஏற்றுக்கொண்டார்கள். கோடைத் திட்டம் படிப்படியாக ஆண்டு முழுவதும் நடக்கும் திட்டமாக மாறியது. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையாகக் கிடைத்த நன்மைகளில் மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசியும் சூடான சாப்பாடும் முக்கியமானவை. நம் பெற்றோர் ஆறு வாரத்தில் ஏபிசிடி கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

சரி, வெயில். நீங்கள் முதலில் தீர்க்கவேண்டிய பிரச்சினை இதுதான், பாடத்திட்டம் அப்புறம்.

சின்னப் பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குத் தோலின் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. தாகம் எடுத்தாலும் விளையாட்டு மும்முரத்தில் கேட்கமாட்டார்கள். ஆகவே நேரத்தை மாற்றுங்கள். காலை ஏழரைக்குத் திறந்து, ஒன்பதரை வரை வெளியே ஓடியாடும் விளையாட்டு. பத்து மணிக்கு மேல் கூரைக்கு அடியில். பகல் 12 முதல் 3 வரை வெளியே நடமாட வேண்டாம் என்று அரசு ஆண்டுதோறும் சொல்வது பெரியவர்களுக்கு. பிள்ளைகளை அதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே அழைத்துவிடுவது என் வழக்கம். மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் கத்திரி வெயிலில் இன்னும் முன்னதாகவே.

தகரக் கொட்டகைக்குள் பிள்ளைகளை உட்காரவைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வேப்பமர நிழல் அதைவிட எவ்வளவோ மேல். தகரம்தான் இருக்கிறது என்றால் அதன்மேல் தென்னங்கீற்று வேயுங்கள், சன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். இரும்புச் சறுக்கு மரத்தையும் ஊஞ்சல் சங்கிலியையும் காலை எட்டரைக்கு மேல் முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். பச்சைப் பிளாஸ்டிக் புல்தரை போட்டிருந்தால் அதையும்தான். வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளைக்குக் கொப்புளம் வந்த பிறகு வருந்திப் பயனில்லை.

தண்ணீரைக் கேட்டால் கொடுப்பது என்று வைக்காதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை மணியடித்து எல்லாரும் சேர்ந்து குடிப்பது என்று ஒரு விளையாட்டாகவே வைத்துவிடுங்கள். மண்பானைத் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், பானகம் எல்லாம் நல்லது. கடையில் விற்கும் கலர் பானங்கள் வேண்டாம். காலையில் வந்து மூன்று மணி நேரம் ஆகியும் சிறுநீர் கழிக்காத பிள்ளையைக் கவனியுங்கள். ஆயாம்மாவுக்குத்தான் இது முதலில் தெரியும், அவரிடம் சொல்லிவையுங்கள். துவண்டு போவது, வாந்தி, உளறல், உடம்பு கொதிப்பது தெரிந்தால் நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. உங்கள் பணியாளர்கள் எல்லாருக்கும் இது மனப்பாடமாக இருக்கவேண்டும்.

இனி விளையாட்டு. கோடையில் என் முதல் தேர்வு தண்ணீர்தான். அதற்கு நீச்சல்குளமும் வேண்டாம், காற்றடைத்த தொட்டியும் வேண்டாம். அகலமான நான்கு தாம்பாளங்கள், அவற்றில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர், சொம்பு, டம்ளர், டவரா, வடிகட்டி, கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, அடியில் ஓட்டை போட்ட பழைய டப்பா ஒன்று. ஒரு தாம்பாளத்துக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் உட்காரவேண்டாம்.

ஒரு மையத்தில் பார்த்தது. நாலரை வயதுப் பெண் ஒருத்தி டம்ளரில் இருந்த தண்ணீரை டவராவில் ஊற்றினாள். எட்டிப் பார்த்தாள். "குறைந்துபோச்சு" என்றாள். திரும்ப டம்ளரில் ஊற்றினாள், "நிறைந்துபோச்சு." மறுபடி டவரா, மறுபடி டம்ளர். பக்கத்தில் இருந்த பையன் "நீ குடிச்சிட்டே" என்று குற்றம் சாட்டினான். அவள் சொட்டுக்கூடச் சிந்தாமல் அவன் கண்ணெதிரே ஊற்றிக் காட்டினாள். அவன் நம்பவில்லை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே பாத்திரத்தை மாற்றி ஊற்றிப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட புகழ்பெற்ற சோதனை இதேதான். ஆறு, ஏழு வயது ஆகும்வரை பெரும்பாலான பிள்ளைகள் உயரமான டம்ளரில்தான் தண்ணீர் அதிகம் என்பார்கள். நம் வீடுகளில் காபி ஆற்றும் பாத்திரத்தில் அந்தச் சோதனைச்சாலை தயாராக இருக்கிறது. அந்த மையத்தின் டீச்சர் செய்த நல்ல காரியம், குறுக்கே புகுந்து விடையைச் சொல்லாததுதான். "அப்படியா? இன்னொரு தடவை ஊற்றிப் பார்ப்போமா?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகும் நெடுநேரம் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

தண்ணீர் ஊற்றுவதையும் தானியம் பிரிப்பதையும் தரை துடைப்பதையும் பாடமாகவே வைத்தவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்தவர், போர் மூண்டதால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்கினார். அதில் ஒரு பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துவிட்டு உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிற பள்ளிகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

தண்ணீர் விளையாட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒரு பெரியவர் கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவேண்டும். சில அங்குலத் தண்ணீரிலும் சின்னப் பிள்ளை மூழ்கிவிடும், சத்தமே வராது. விளையாட்டு முடிந்ததும் தாம்பாளங்களைக் கவிழ்த்துவிடுங்கள். குளியலறையில் நிறைத்துவைத்த வாளியும் மூடாத தரைத் தொட்டியும் இருக்கவே கூடாது. தாம்பாளத்துத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் "வீணாக்குகிறார்கள்" என்ற பேச்சும் வராது, அவர்களுக்கு அதுவே பெரிய வேலை.

மணல் கிடைத்தால் அடுத்தது கிச்சுக்கிச்சுத் தாம்பாளம். உங்கள் பணியாளர்களில் வயதானவர்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எதிரெதிரே இரண்டு பேர், நடுவில் வரப்புபோல நீளமாகக் குவித்த மணல். ஒருவர் சிறு குச்சியை விரலிடுக்கில் பிடித்து மணலுக்குள் முன்னும் பின்னும் கொண்டுபோய் எங்கோ ஒளித்துவிட்டுக் கையை எடுக்கவேண்டும். மற்றவர் இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருப்பதாக நினைக்கும் இடத்தை மூடவேண்டும். ஐந்து வயதுக்காரர்கள் விதியோடு ஆடுவார்கள். மூன்று வயதுக்காரர் ஒளித்த கையோடு "இங்கேதான் வைத்தேன்" என்று தானே காட்டிக்கொடுத்துவிடுவார்! எதிரில் இருப்பவருக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு ஆண்டுகளில் அதே பிள்ளை முகத்தை அப்பாவிபோல வைத்துக்கொண்டு ஏமாற்றக் கற்றுக்கொள்ளும், அதுவும் வளர்ச்சிதான். மணலை இரவில் மூடிவையுங்கள், இல்லாவிட்டால் பூனை வந்துவிடும்.

எண்ணுக்குப் பல்லாங்குழி போதும். பெரியவர்கள் ஆடும் முழு ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு போவது மட்டும்தான் ஆட்டம். ஒரு குழி, ஒரு கொட்டை, ஒரு எண். "ஒன்று, இரண்டு" என்று நூறு வரை ஒப்பிக்கிற பிள்ளை ஏழு கொட்டைகளை எண்ணச் சொன்னால் ஒன்றை இரண்டு முறை தொட்டு எட்டு என்னும். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு என்பதைப் பெற்றோருக்கு நேரில் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. எதையும் வாயில் போடும் பழக்கம் விடாத பிள்ளை இருந்தால் கொட்டைக்குப் பதிலாகப் பெரிய கூழாங்கல்.

பனை இருக்கும் ஊராக இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். நுங்குக் காலம் உங்கள் வகுப்புக் காலத்தோடு ஒத்துப்போகிறது. சுளையைச் சிறு துண்டாக நறுக்கிக் கொடுத்துவிட்டு, கூந்தலை, அதாவது சுளையைத் தோண்டியபின் மிஞ்சும் காயை, வைத்து வண்டி செய்யுங்கள். இரண்டு கூந்தல்கள், நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக்கம்பு. வெட்டுவதும் துளைப்பதும் பெரியவர் வேலை, உருட்டுவது பிள்ளைகள் வேலை. வண்டி நேராகப் போகாமல் ஏன் இழுக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள், ஒரு கூந்தல் பெரிது, ஒன்று சிறிது. ஓலைக் காற்றாடி, பூவரசு இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீ, கீற்றில் பின்னும் பாம்பு, எல்லாம் இந்தப் பருவத்துக்கு உரியவை. இதற்காக யாரையும் சம்பளத்துக்கு அழைக்கவேண்டாம். பிள்ளைகளின் தாத்தா பாட்டிகளில் வாரத்துக்கு ஒருவரை வரச்சொல்லுங்கள், மகிழ்ச்சியாக வருவார்கள். ஆனால் வந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஓலையைக் கையில் கொடுத்துவிட்டால் பேச்சு தானாகக் குறையும்.

இவ்வளவிலும் டீச்சரின் வேலை என்ன? பேசுவது, அதைவிட அதிகமாகக் கேட்பது. "இது என்ன கலர்?" என்று கேட்டால் "சிவப்பு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்த வண்டி எங்கே போகிறது? யார் யார் ஏறியிருக்கிறார்கள்? வழியில் மழை வந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்கு வரும் வாக்கியத்தின் நீளத்தை வைத்தே பிள்ளையின் வளர்ச்சியைச் சொல்லிவிடலாம். கேட்டபின் காத்திருக்கவேண்டும். நம்மில் பலருக்கு அந்தப் பொறுமை கிடையாது, பிள்ளை வாயெடுப்பதற்குள் பதிலையும் நாமே சொல்லிவிடுகிறோம். வீட்டில் தெலுங்கோ உருதோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளை இருந்தால் அந்த மொழியிலேயே சொல்லட்டும், மற்றவர்கள் அதிலிருந்து நாலு சொல் கற்றுக்கொள்ளட்டும்.

மதியம் தூங்கவையுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். உடலியக்கம் நாளெல்லாம் சேர்த்து மூன்று மணி நேரமாவது இருக்கவேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படியான ஆட்டம். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரம் வீட்டிலேயே தீர்ந்துவிடும் என்பதால் உங்கள் பள்ளியில் டிவி தேவையே இல்லை. வெயிலுக்குப் பயந்து உள்ளே அடைத்து டிவி போடுவதுதான் கோடை வகுப்புகளில் நான் அதிகம் காண்கிற தவறு. உள்ளே இருக்கிற நேரத்துக்குக் கதை, களிமண், பழைய புடவையைக் கட்டிச் செய்த கூடாரம், கடை வைத்து விற்கும் விளையாட்டு, எத்தனையோ உண்டு. கடை விளையாட்டுக்கு எடையும் வேண்டும், பேரமும் வேண்டும், கடனும் வேண்டும். கடன் சொல்லுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று இருக்கும்.

ஆள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. 25 பிள்ளைகளும் தண்ணீர் விளையாட்டும் என்றால் நான் நான்கு பேர் கேட்பேன். அது முடியாவிட்டால் தண்ணீர் விளையாட்டு நாளில் பாதிப் பிள்ளைகளை மட்டும் வெளியே விடுங்கள். சிற்றுண்டியில் முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். தர்ப்பூசணியில் விதையை எடுத்துவிடுங்கள்.

பெற்றோரை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். வாதம் செய்யாதீர்கள். சேர்க்கும் நாளிலேயே "இங்கே எழுதவைக்கமாட்டோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், சிலர் போய்விடுவார்கள், போகட்டும். இருக்கிறவர்களுக்கு 2022-இல் வெளியான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைக் காட்டலாம். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டின் வழியாகத்தான் கல்வி என்று அரசே சொல்கிறது என்றால் கொஞ்சம் அடங்குவார்கள். அதைவிட நன்றாக வேலை செய்வது, வாரம் ஒருமுறை வாசலில் நிற்கும்போது அவர்கள் பிள்ளையைப் பற்றிக் குறிப்பாக ஒன்று சொல்வது. "நன்றாக விளையாடினான்" என்றால் ஒன்றும் சொன்னதாகாது. "இன்று சட்டை பொத்தானைத் தானே போட்டுக்கொண்டான், முறைக்குக் காத்திருந்து ஊஞ்சல் ஆடினான், வேப்பம்பூ ஏன் கசக்கிறது என்று கேட்டான்" என்று சொல்லுங்கள். முடிவில் மேடை கட்டி, மே மாத வெயிலில் பளபளக்கும் நைலான் உடை மாட்டி ஆடவைப்பதும் சான்றிதழ் கொடுப்பதும் தயவுசெய்து வேண்டாம். அந்த ஒத்திகைக்கே இரண்டு வாரம் போய்விடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஜூனில் புதிதாகச் சேரப்போகிற மூன்று வயதுப் பிள்ளைகளை மே கடைசி இரண்டு வாரத்தில் வரவழைத்துவிடுங்கள். முதல் நாள் அம்மாவோடு அரை மணி நேரம். பிறகு அம்மா திண்ணையில், பிள்ளை தாம்பாளத்தருகே. அதன் பிறகு அம்மா சொல்லிவிட்டுப் போய் ஒரு மணி நேரத்தில் திரும்புவது. சொல்லாமல் நழுவிப் போகக்கூடாது, அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பழகிய பிள்ளைகள் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருவதால் புதிய பிள்ளைகளின் அழுகை சீக்கிரம் அடங்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் அழுவதைச் சமாளிக்கும் தொல்லையும் உங்களுக்குப் பாதியாகும்.